மார்கழியில் வீட்டுக்குள் பூக்கும் கிழங்குகள்

மார்கழி பிறந்தால் மல்லிகை வரத்து குறைந்துவிடும். பனியில் மல்லிகைச் செடி சரியாக அரும்பு கட்டாது. பொங்கல் நெருங்க நெருங்க மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூக்காரம்மா அளந்து கொடுக்கும் முழத்தின் விலையும் ஏறிக்கொண்டே போகும். கோயில், கோலம், கச்சேரி என்று பூ அதிகம் தேவைப்படும் மாதம் அது. அந்த மாதத்தில் வீட்டிலேயே பூ கிடைக்க நல்ல வழி, கிழங்கிலிருந்து பூக்கும் செடிகள்தான். தோட்டமோ மொட்டை மாடியோ இல்லாதவர்களுக்கும் இது சாத்தியம். தி. நகர் அடுக்குமாடி வீட்டின் ஜன்னல் திட்டும், அடையாறு வீட்டின் சிறிய பால்கனியும் இதற்குப் போதும். பூக்கத் தேவையான உணவைச் செடி ஏற்கெனவே கிழங்குக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. சரியான நேரத்தில் அதை எழுப்புவது மட்டுமே நம் வேலை.

1. முதலில், குளிரைத் தேடாதீர்கள். குளிர்நாடுகளில் கிழங்குச் செடிக்குப் பூக்கும் நேரத்தைச் சொல்வது குளிர். துலிப் கிழங்குக்கு 12 முதல் 16 வாரம் வரை 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் உள்ள துலிப் தோட்டம்கூட பனிக்காலம் முடிந்து மார்ச் கடைசியில்தான் பூக்கத் தொடங்குகிறது. சென்னையில் தை மாத விடியற்காலையிலும் வெப்பம் பெரும்பாலும் 20, 21 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் வெப்ப நாட்டுக் கிழங்குகளுக்கு வேறொரு மணி அடிக்கிறது. நம் விவசாயிகள் சொல்லும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’தான் அது. சில வாரம் காயப்போட்டு, பிறகு தண்ணீர் காட்டினால், மழைக்காலம் வந்துவிட்டது என்று நினைத்துக் கிழங்கு பூந்தண்டை வெளியே தள்ளும். வெளியில் மழை கொட்டும்போதும் வீட்டுக் கூரைக்கு அடியில் தொட்டியைக் காயவைக்கலாம். வீட்டுக்குள் வளர்ப்பதில் இதுதான் பெரிய வசதி.

2. முதல் முறை வளர்ப்பவர்கள் இந்த நான்கில் தொடங்கலாம்: ஹிப்பியாஸ்ட்ரம், சம்பங்கி, யூகாரிஸ், மழை லில்லி. ஹிப்பியாஸ்ட்ரம் என்பது கடைகளில் அமரில்லிஸ் என்று விற்கும் பெரிய லில்லி. வெயில் விழும் பால்கனி இருந்தால் சம்பங்கி. வெயிலே வராத வீடு என்றால் யூகாரிஸ். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஹிப்பியாஸ்ட்ரம். மழை லில்லி எல்லோருக்கும்.

3. கிழங்கு வாங்கும்போது கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, அளவுக்கு ஏற்ற கனத்தோடு இருக்க வேண்டும். அடிப்பகுதியில் வேர் புறப்படும் தட்டு மெத்தென்று இருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ வேண்டாம். பெரிய கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். ஹிப்பியாஸ்ட்ரம் என்றால் ஒரு கைப்பிடிக்கு இருக்கட்டும். சின்னக் கிழங்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த வருஷம் இலையோடு நின்றுவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். சமீப ஆண்டுகளில் செம்மொழிப் பூங்காவில் தோட்டக்கலைத் துறை நடத்தும் மலர்க் கண்காட்சிக்குப் போனால், எந்தப் பூ எந்த நிறம் என்று நேரில் பார்த்துவிட்டு வரலாம். இணையத்தில் நீல நிற அமரில்லிஸ் என்று படம் போட்டு விற்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஹிப்பியாஸ்ட்ரத்தில் வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கோடு போட்டவை எல்லாம் உண்டு. நீலம் கிடையாது.

4. எந்த ஜன்னல் என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நம்மில் பலர் தொட்டியை ஓரிடத்தில் வைத்தால் வருஷம் முழுக்க அங்கேயே விட்டுவிடுகிறோம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சி வெயில் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்குப் பார்த்த பால்கனிக்குக்கூட வெயில் கிடைக்கும். அதன் பிறகு சூரியன் தெற்கே சாய்ந்துகொண்டே போய், மார்கழியில் நண்பகலிலேயே வானத்தில் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள்ளேயே சில அடி தூரம் வந்து விழும். கோடையில் இருட்டாகத் தெரிந்த தெற்கு அறைதான் மார்கழியில் வீட்டிலேயே நல்ல பூ அறை.

ஐப்பசியிலேயே தொட்டிகளைத் தெற்கு ஜன்னலுக்கோ தென்கிழக்கு மூலைக்கோ மாற்றிவிடுங்கள். எதிர்வீட்டுச் சுவர் மறைக்கிறதா என்று காலை ஒன்பது மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிற்பகலிலும் பார்த்தால் இன்னும் நல்லது. கொசுவலை அடித்த ஜன்னல் என்றால் வெளிச்சத்தில் ஒரு பங்கு வலையிலேயே நின்றுவிடும். வலையில் தூசி படிந்திருந்தால் இன்னும் குறையும். மாதம் ஒருமுறை துடையுங்கள்.

5. மண்கலவைக்குச் செம்மண், மண்புழு உரம், பெருமணல் மூன்றும் சம பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. எம்-சாண்ட் போடுவதானால் சலித்து, மாவுத் தூசியை நீக்கிவிட்டுப் போடுங்கள். தென்னை நார்க் கழிவைக் கிழங்குச் செடிக்குக் குறைவாகவே சேர்க்க வேண்டும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். தொட்டியின் அடி ஓட்டையை மூடாமல் மேலே ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

6. ஹிப்பியாஸ்ட்ரத்தை நம் ஊரில் விட்டபடி விட்டால் பங்குனி, சித்திரையில் பூக்கும். மார்கழி, தைக்குக் கொண்டுவர வேண்டுமானால் கணக்கை ஆவணியிலேயே தொடங்க வேண்டும். ஆவணிக் கடைசியில் தண்ணீரை நிறுத்துங்கள். தொட்டியை மழைச் சாரல் படாத இடத்துக்கு, அலமாரி அடியிலோ பால்கனியின் உட்சுவர் ஓரத்திலோ, நகர்த்துங்கள். இலைகள் ஒவ்வொன்றாகப் பழுக்கும். பச்சை இலையை வெட்ட வேண்டாம். அது கிழங்குக்குள் கடைசிச் சத்தை இறக்கிக்கொண்டிருக்கும். முழுதும் மஞ்சளானபின் கழுத்தை ஒட்டி நறுக்குங்கள். எட்டு முதல் பத்து வாரம் சொட்டுத் தண்ணீர் கூடாது. வேலைக்கு வருபவரிடமும் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரிடமும் சொல்லிவைப்பது நல்லது. வாடிக் கிடக்கிறதே என்று யாராவது இரக்கப்பட்டு ஒரு சொம்பு ஊற்றினால் அத்தனை வாரமும் வீண்.

ஐப்பசிக் கடைசியில் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்து, புது மண்புழு உரம் இட்டு, ஒரே ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு நுனி தெரியும்வரை மண் காய்ந்தால் மட்டும் லேசாக. கழுத்தின் பக்கவாட்டில் தட்டையாக, நுனி மழுங்கலாக வருவது மொட்டு. நடுவிலிருந்து கூராக வருவது இலை. மொட்டைக் கண்டபின் தண்ணீரைக் கூட்டலாம். ஆறிலிருந்து எட்டு வாரத்தில், போகிக்கு முன்னே பின்னே, பூ விரியும்.

புதிதாக வாங்கிய கிழங்கு காய்ந்தே வந்திருக்கும். அதற்கு இந்த ஓய்வு வேண்டாம், நேரே நடலாம். கிழங்கில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முழுக்கப் புதைத்தால் கழுத்தில் நீர் நின்று அழுகும். தொட்டி பெரிதாக இருக்கவே கூடாது. கிழங்கைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் போதும். எல்லாக் கிழங்கும் முதல் வருஷமே சொன்ன பேச்சைக் கேட்காது. சித்திரைக்குப் பழகிய பழைய கிழங்கு இரண்டாவது வருஷம் வழிக்கு வரும். பொறுமையாக இருங்கள்.

7. பூந்தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாயும். நாள்தோறும் தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள். முதல் பூ விரிந்ததும் வெயிலிலிருந்து எடுத்து ஹாலுக்குள் வைத்தால் பூ கூடுதல் நாள் நிற்கும். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், இதழ் ஓரம் கருகிவிடும்.

8. சம்பங்கிக்கு நம் நாட்டில் பெரிய விவசாயமே இருக்கிறது. ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம் அதற்குப் பேர் போனது. மெக்சிகோவிலிருந்து வந்த செடி. இன்று நம் மாலையும் பூச்சரமும் அது இல்லாமல் நிறைவதில்லை. வீட்டுக்கு ஒற்றை அடுக்கு ரகமே நல்லது என்பேன். பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், ஷ்ருங்கார் இரண்டும் ஒற்றை. அதே நிறுவனத்தின் சுவாசினி, வைபவ் இரண்டும் அடுக்கு. அடுக்குப் பூ ஜாடியில் பார்க்க அழகாக இருக்கும். வாசனையில் ஒற்றைக்கு ஈடில்லை. சரம் கட்டவும் ஒற்றைதான் வசதி.

கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்கட்டும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் நான்கு கிழங்கு, ஓர் அங்குல ஆழத்தில். நட்டதிலிருந்து பூக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். ஆகவே மார்கழிக்கு வேண்டுமானால் ஆவணியில் நட வேண்டும். தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் புல் மாதிரி இலை மட்டுமே வளரும். வெயில் இல்லாத வீட்டுக்காரர்கள் இதில் மனசு வைக்காமல் அடுத்த குறிப்புக்குப் போய்விடலாம்.

தண்டின் அடிப்பூக்கள் இரண்டு ஜோடி விரிந்ததும் விடியற்காலையில் வெட்டி ஜாடியில் வையுங்கள்; மேல் மொட்டுகள் வரிசையாக ஒரு வாரத்துக்கு விரிந்துகொண்டே போகும். தினமும் தண்ணீரை மாற்றி, தண்டின் அடியை அரை அங்குலம் நறுக்குங்கள். சம்பங்கி வாசனை இரவில்தான் பெருகும். ஏசி போட்டு மூடிய படுக்கையறையில் சிலருக்குத் தலை வலிக்கும். ஹாலிலோ பூஜை அறையிலோ வைப்பது நல்லது.

9. தி. நகரின் உட்தெருக்களில் கட்டடத்தோடு கட்டடம் ஒட்டி நிற்கிறது. அங்கெல்லாம் வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும் இருக்கும். அந்த வீடுகளுக்கு யூகாரிஸ் போல உதவும் பூ வேறில்லை. அமேசான் பகுதியின் மழைக்காட்டு நிழலில் வளர்ந்த செடி இது. அகலமான கரும்பச்சை இலை, தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ, மெல்லிய வாசனை. நேர் வெயில் பட்டால் இலை வெளுத்துவிடும். நம் வீட்டு வெப்பமே அதற்குச் சொந்த ஊர் வெப்பம். நான்கு வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும் நிலைவரை விட்டு, பிறகு பழையபடி ஊற்றினால் பூந்தண்டு வரும். ஹிப்பியாஸ்ட்ரம் மாதிரி முழுக்கக் காயவிடக் கூடாது. இது இலையை உதிர்க்காத செடி. தொட்டியில் கிழங்குகள் நெருக்கியடித்தால்தான் நன்றாகப் பூக்கும். பிரித்து நடும் ஆசையை மூன்று வருஷமாவது தள்ளிப்போடுங்கள்.

10. மழை லில்லிக்கு ஆறங்குலத் தொட்டி போதும். பத்துக் கிழங்கை நெருக்கமாக நடலாம். இரண்டு வாரம் காயவிட்டு, ஒரு நாள் தொட்டியையே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுங்கள். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மொட்டு எழும்பும். ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும். மூன்று தொட்டி வைத்து முறை போட்டு நனைத்தால் மாதம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்திருக்கும்.

11. ஹயசிந்த் கிழங்கைக் கண்ணாடிக் குவளையின் கழுத்தில் உட்காரவைத்து வேரையும் பூவையும் ஒன்றாகப் பார்க்கும் ஆசை பலருக்கு இருக்கிறது. செய்யலாம், ஆனால் அது ஒரு பருவத்து விருந்தாளி, மறு வருஷம் நம் ஊரில் பூக்காது. ஆவணி அல்லது புரட்டாசியில் கிழங்கைக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் 10 முதல் 14 வாரம் வையுங்கள். அதே தட்டில் ஆப்பிளோ பழுத்த பழமோ இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். பழம் வைக்காமல் முடியாது என்கிற வீட்டில் இந்த முயற்சியே வேண்டாம். கிழங்கைத் தொடும்போது கையில் அரிப்பு எடுக்கும், கையுறை போடுங்கள். குவளையில் தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடாமல் கொஞ்சம் கீழே நிற்கட்டும். வீட்டில் குளிர்ச்சியான மூலை எதுவோ அங்கே வையுங்கள். 28, 29 டிகிரிப் பகலில் தண்டு நீளாமல் இலைக்கு நடுவிலேயே பூ விரிந்துவிடுவதுண்டு.

12. ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் உப்பு திரண்டிருக்கும். கிழங்குச் செடியின் வேர் அதைத் தாங்காது. அந்தத் தண்ணீரில் தரை துடைக்கலாம், கழிவறை கழுவலாம். கடற்கரையை ஒட்டிய மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் பல போர்வெல் தண்ணீரும் உவர்ப்பாகவே இருக்கிறது. தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு என்று அறிந்துகொள்ளுங்கள். மெட்ரோ தண்ணீர் நல்லது. அதைவிட, மழைக்காலத்தில் இரண்டு வாளி மழைநீரைப் பிடித்து மூடிவைத்தால் மார்கழி முழுக்கக் கிழங்குகளுக்கு வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, தாராளமாக ஊற்றலாம்.

13. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். டெங்கு பரவும் காலமும் இந்த ஐப்பசி, கார்த்திகைதான். தட்டில் மணலை நிரப்பி அதன்மேல் தொட்டியை வையுங்கள். ஹயசிந்த் குவளைத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிடித்துவைத்த மழைநீரைத் துணி கட்டி மூடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்தக் குறிப்பைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

14. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாகத்தான் பெய்கிறது. கிழங்கு அழுகுவதும் அந்த மாதங்களில்தான். பால்கனிக் கைப்பிடிச் சுவர்மேல் இருக்கும் தொட்டிகளை ஐப்பசியிலேயே உள்ளே எடுத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவெல்லாம் ஆறானதையும் பார்த்த ஊர் இது. எச்சரிக்கை வந்த அன்று நான்காவது மாடியிலிருந்து ஒரு தொட்டி தவறி விழுந்தால் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. ஈரம் மிஞ்சிய தொட்டியை வெளியே கவிழ்த்துக் கிழங்கை எடுத்துப் பாருங்கள். அழுகிய பகுதியைக் கத்தியால் நல்ல சதை தெரியும்வரை சீவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சூடோமோனாஸ் தூளில் புரட்டிப் புது மண்ணில் நட்டால் பல கிழங்குகள் பிழைத்துக்கொள்ளும்.

15. மழைக்காலத்தில் லில்லி இலையில் கறுப்பு உடலில் வெள்ளை, செம்மஞ்சள் புள்ளி வைத்த புழுக்கள் கூட்டமாக வரும். இரண்டே இரவில் இலையை மொட்டையடித்துவிட்டுக் கிழங்குக்குள்ளும் இறங்கப் பார்க்கும். காலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துக் கையால் பொறுக்குவதே போதும். மாவுப்பூச்சி என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

16. இந்தக் கிழங்குகளைச் சமையலறையில் வைக்காதீர்கள். உரித்த ஹிப்பியாஸ்ட்ரம் கிழங்கு பெரிய வெங்காயம் மாதிரியே இருக்கும். மழை லில்லிக் கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். இரண்டிலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நஞ்சு உண்டு. டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, உயரத்தில் வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் ஏஷியாட்டிக் லில்லி, ஓரியண்டல் லில்லி இரண்டையும் வாங்கவே வாங்காதீர்கள். இதழையோ மகரந்தத்தையோ நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

செங்காந்தளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நம் மாநில மலர். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றே பெயர். அழகில் நிகரில்லை. ஆனால் அதன் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கண்வலிக் கிழங்கு என்று சொல்லப்படும் அதைத் தின்று உயிர் போனவர்கள் நம் கிராமங்களில் உண்டு. சிறு குழந்தை தவழும் வீட்டுக்குள் அதற்கு இடம் தரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வெளியில், வேலி ஓரத்தில் இருக்கட்டும்.

17. பூ வாடியதும் தொட்டியை மூலையில் தள்ளிவிடுவதால்தான் மறு வருஷம் பூப்பதில்லை. பூந்தண்டை மட்டும் அடியில் நறுக்குங்கள். இலையைத் தொடாதீர்கள். தை முதல் ஆடிவரை கிடைக்கிற நல்ல வெளிச்சத்தில் வைத்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரமோ, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்த 19:19:19 உரமோ கொடுங்கள். அடுத்த மார்கழியின் மொட்டு இந்த மாதங்களில் கிழங்குக்குள்ளேயே உருவாகிறது. பக்கக் கிழங்குகள் பெரிய நெல்லிக்காய் அளவு வந்தபின் பிரித்துத் தனித் தொட்டியில் நடலாம். ஹிப்பியாஸ்ட்ரம் என்றால் அவை பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். தொட்டியில் ஒரு குச்சி செருகி, கிழங்கின் பெயரையும் தண்ணீர் நிறுத்த வேண்டிய மாதத்தையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள்.